தரையைப் பார்த்து நிழல் வாங்குங்கள்: பினாங்குத் தூண்டில்காரர்களுக்குக் குடை, கூடாரம், கைவண்டி

பினாங்கில் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்கள் நிழலுக்கென்று வாங்கும் குடையும் கூடாரமும் பெரும்பாலும் வெயிலால் கெடுவதில்லை. காற்றில் பறந்தோ, கம்பி மடங்கியோ, ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் பிசுபிசுத்தோதான் கெடுகின்றன. கடையில் நிற்கும்போது கூரை எவ்வளவு அகலம், எத்தனை பேர் உட்காரலாம், மடித்தால் எவ்வளவு சிறிதாகும் என்று பார்க்கிறோம். அதை எதில் கட்டி நிறுத்தப் போகிறோம் என்று பார்ப்பதில்லை. ஜெட்டிகளிலும் குயின்ஸ்பே கரைச்சுவரிலும் சிமெண்டுத் தரை, கூடார முளை இறங்காது. பத்து பெரிங்கியிலும் தெலுக் கும்பாரிலும் மணல். கூடாரத்தோடு வரும் ஒரு சாண் முளை சுலபமாக இறங்கும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். பாலேக் பூலாவ் கரையிலும் ஜூரு, புக்கிட் தம்புன் பக்கத்திலும் நீர் வற்றினால் சேறு. இந்த மூன்று தரைக்கும் ஒரே பொருள் சரிப்படாது.

கைவண்டியையும் இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். வண்டியில் வரும் ஐஸ் பெட்டியும் தண்ணீரும்தான் பல இடங்களில் கூரையைப் பிடித்து நிறுத்தும் எடை. இந்த மாதம் கூடாரம், அடுத்த மாதம் வண்டி என்று தனித்தனியாக வாங்கினால், கடைசியில் ஒன்றுக்கொன்று உதவாத இரண்டு பொருள்களை காரில் ஏற்றிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

முதலில் காற்றின் கணக்கு

மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா’ எனப்படும் இடிமழைக் காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வருவதால், இரவு முழுக்க உட்கார்ந்து விடியற்காலை மீன் கடியை எதிர்பார்ப்பவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். கடல்மேல் கறுத்த கோடு ஒன்று தெரியும், திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் படும், சில நிமிடங்களில் மழை கொட்டும். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். செப்டம்பர், அக்டோபரில் மாலை இடிமழையும் சேர்ந்துகொள்ளும். 2013 ஜூன் 13 மாலை அடித்த புயலில் மெக்கலிஸ்டர் சாலையில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்த இடிதாங்கியே பெயர்ந்து விழுந்த ஊர் இது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 2.2 மீட்டர் விட்டமுள்ள குடையைச் சாய்த்து முழுவதும் காற்றுக்கு முகம் காட்டி வைத்தால், 20 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் விழுவது சுமார் 8 கிலோ தள்ளு. 40 கிலோமீட்டரில் அதுவே 33 கிலோவைத் தாண்டும், 60இல் 75 கிலோ அளவுக்கு வரும். ஓர் ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்து முதல் நிலையைச் சமாளிக்கலாம். இரண்டாவது நிலைக்கு ஒழுங்கான கட்டு வேண்டும். மூன்றாவதை எந்தக் கட்டாலும் நம்ப முடியாது, மடக்கிவிட வேண்டியதுதான்.

ஆகவே எந்தக் கூரையை எடைபோட்டாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நான் நிற்கும் தரையில் இதை எப்படிப் பிடித்து நிறுத்துவேன்? காற்று வந்தால் நான் தனியாளாக இரண்டு நிமிடத்தில் மடக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், தனியாகப் போகிறவர் அந்தப் பொருளை வாங்கவே கூடாது.

மின்னலுக்கு இவை எதுவுமே பாதுகாப்பில்லை. கூடாரத்துக்குள் இருப்பதும் வெட்டவெளியில் இருப்பதும் ஒன்றுதான். கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கோலைக் கீழே கிடத்திவிட்டு காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்புங்கள்.

சிமெண்டுத் தரைக்குக் குடை

ஜெட்டியிலும் கரைச்சுவரிலும் தனியாக நிற்பவருக்கு, அதிலும் கப்சாயில் (சிறிய மோட்டார்சைக்கிளில்) வருபவருக்கு, குடைதான் சரி. பத்து விநாடியில் மடங்கும். மடித்தால் ஒன்றே கால் மீட்டர் நீளம். கோல் பையோடு சேர்த்துக் கட்டிவிடலாம். பக்கத்தில் நிற்பவருடைய இடத்தையும் தின்னாது. ஜெட்டியில் ஆளுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் இடம்தான் கிடைக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. துணியைத் தாங்கும் விலா எலும்புகள் இரும்பா, ஃபைபர்கிளாஸா? இரும்பு விலா உப்புக்காற்றில் மூட்டில்தான் துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே ஒருநாள் மூட்டோடு ஒடியும். ஃபைபர்கிளாஸ் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். உச்சியில் இரட்டைத் துணியும் காற்று போகும் இடைவெளியும் இருக்க வேண்டும். அடியில் புகும் காற்று அதன் வழியே வெளியேறினால் மேலே தூக்கும் விசை குறையும். சாய்க்கும் மூட்டு பிளாஸ்டிக்கா உலோகமா என்று திருகிப் பாருங்கள். மலிவான குடைகள் முதலில் விட்டுப்போவது அங்கேதான். துணியின் உட்புறம் வெள்ளியாகவோ கறுப்பாகவோ பூசியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனை ஊசிமுனையாகத் தெரிந்தால் நண்பகலில் அந்த நிழலில் உட்கார முடியாது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். துணி புற ஊதாவைத் தடுக்கும் அளவைக் காட்டும் யூ.பி.எஃப். 50+ என்று அச்சிட்டிருந்தால் நல்லது.

இனி கட்டு. கம்பியழி உள்ள ஜெட்டியில் பலரும் குடைக்கம்பை ஒரே இடத்தில் ரப்பரால் சுற்றி விடுகிறார்கள். ஒரு புள்ளியில் கட்டிய கம்பு அந்தப் புள்ளியையே அச்சாக வைத்துச் சாயும். இரண்டு புள்ளிகள் வேண்டும். அவற்றுக்கிடையே குறைந்தது 40 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய மோட்டார்சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில், ஒரு மீட்டர் நீளத்தில் பட்டைகளாக வெட்டுங்கள். மேல் குறுக்குக்கம்பியில் முதல் பட்டை: கம்பையும் அழியையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு இரண்டுக்கும் நடுவே குறுக்காக இரண்டு சுற்று, முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி இழுங்கள். குறுக்குச் சுற்றை விட்டுவிட்டால் கம்பு மெல்ல வழுக்கிக் கீழே இறங்கும். கீழ்க் கம்பியில் இரண்டாவது பட்டையும் அதே போல. மூன்றாவதாகக் காற்று வரும் பக்கத்து விலா நுனியிலிருந்து 4 மில்லிமீட்டர் கயிறு ஒன்றை அழிக்கோ எடைக்கோ கட்டுங்கள். செருகிய முனையை இழுத்தால் பட்டை அவிழும். முடிச்சுப் போட்டால் மழையில் அவிழாது. பட்டை முடிச்சில்லாமல் இருப்பது இதற்காகத்தான்.

அழி இல்லாத கரைச்சுவரில் எடையை நம்ப வேண்டும். இங்கேதான் பலர் வீண் சுமை சுமக்கிறார்கள். எடையை வீட்டிலிருந்து தூக்கிப் போகாதீர்கள், போன இடத்தில் நிரப்புங்கள். 10 லிட்டர் மடக்கு ஜெரிகேன் இரண்டு, கயிறு கட்டிய வாளி ஒன்று போதும். வாளியை எப்படியும் கை கழுவவும் இரை நனைக்கவும் கொண்டுபோவீர்கள். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். இரண்டு கேனும் நிரம்பினால் 20 கிலோ, அதோடு ஐஸ் பெட்டி சேர்ந்தால் 40 பக்கம் வந்துவிடும். கயிற்றைக் கேனின் கைப்பிடியில் மட்டும் கட்டினால் பிளாஸ்டிக் கைப்பிடி கிழியும். இரண்டு கேனையும் ஒரு வலைப்பைக்குள் போட்டு அந்தப் பையில் கட்டுங்கள்.

மடக்குக் கேனப்பி: யாருக்கு, எப்போது

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்கள் விரிப்பதைப் பார்த்துப் பார்த்து, நான்கு காலில் நிற்கும் 3×3 மீட்டர் கேனப்பிதான் எல்லாருக்கும் முதலில் மனத்தில் வருகிறது. பாகான் ஆஜாமிலோ பந்தாய் பெர்சேயிலோ பிள்ளைகள், அம்மா, அத்தை என்று குடும்பத்தோடு கார் பக்கத்திலேயே பகல் முழுக்க இருப்பவர்களுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் அது 12 முதல் 20 கிலோ எடை. மடித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். மைவி போன்ற சிறிய காரில் பின் இருக்கையை மடித்து, முன் இருக்கைப் பக்கம் வரை குறுக்காக நீட்டினால்தான் நுழையும். விரிக்க இரண்டு பேர் வேண்டும், காற்றில் மடக்க நான்கு பேர் இருந்தால் நிம்மதி. தனியாளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இரண்டு பேர் என்றால் 3×3ஐ விட 2×2 அல்லது 2.5×2.5 எடுங்கள். 3×3 கூரை 9 சதுர மீட்டர், 2.5×2.5 கூரை ஆறே கால்தான். காற்று பிடிக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, நிழலில் உட்காரும் ஆள் கணக்கில் ஒன்றுதான் குறையும்.

கெடும் இடங்கள் மூன்று. கத்தரிக்கோல் வடிவச் சட்டத்தின் பிளாஸ்டிக் மூட்டுகள்: ஒரு பக்கத்தை முழுக்க இழுத்துவிட்டு மறுபக்கத்தைத் தள்ளினால் மூட்டு முறுக்கிக்கொண்டு உடையும், எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். அடுத்து, காலின் உயரத்தைப் பூட்டும் பித்தான்: அதன் உள்வில் உப்பில் துருப்பிடித்தால் கால் ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. மூன்றாவதுதான் பெரிய பிரச்சினை, கூரையில் தேங்கும் மழை. மணிக்கு 30 மில்லிமீட்டர் என்பது இங்கே பெரிய மழையே இல்லை. அந்த அளவில் ஒரு மணி நேரம் பெய்தால் 3×3 கூரைமேல் விழுவது 270 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மூலைத் தொய்வில் தங்கினாலே 54 கிலோ. சட்டம் மடங்குவது அப்படித்தான்.

இதற்கு ஒரு சுலபமான சீர்திருத்தம் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பி.வி.சி மின்குழாயை வாங்கி, கூரையின் ஒவ்வொரு பக்கத்திலும் துணிக்கு அடியில், நடு உச்சியிலிருந்து விளிம்புச் சட்டம் வரை சற்று வில்லாக வளைத்துச் செருகுங்கள். முனைகளில் பழைய துணியைச் சுற்றி, கேபிள் டையால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். தொய்வு போய்விடும், தண்ணீர் வழிந்தோடும். அதோடு ஒரு பக்கத்து இரண்டு கால்களை மட்டும் ஒரு பூட்டுத் துளை கீழே இறக்கி வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

கேனப்பிக்கு எடை காலுக்குக் குறைந்தது 15 கிலோ. கார் பக்கத்திலேயே நிற்கும் இடத்துக்கு சிமெண்டுக் குழாய் செய்து வைத்துக்கொள்ளலாம்: 4 அங்குல பி.வி.சி குழாய் 80 சென்டிமீட்டர், அடியில் மூடியைப் பசை போட்டு ஒட்டுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு சிறு ஜல்லி என்று கட்டியாகக் கலந்து நிரப்பி, மேல்முனையில் 10 மில்லிமீட்டர் வளைய போல்ட்டை நட்டும் பெரிய வாஷரும் உள்ளே புதையும்படி இறக்குங்கள். ஒரு வாரம் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால், ஒவ்வொன்றும் 15 கிலோ நிற்கும். கட்டும்போது எடையைத் தரையில் வைத்துக் காலோடு சுற்றிவிட்டால் போதாது. கயிறு கூரையின் மூலையிலிருந்து இறங்கி எடையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் ஓரடி மேலே எழும்பிய பிறகுதான் எடை வேலை செய்யும். அதற்குள் சட்டம் முறுக்கிவிடும்.

பக்கச் சுவர்த் துணியை மழைக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டுங்கள். மூன்று பக்கமும் மாட்டினால் அது பாய்மரம்.

மணலுக்கு ஃப்ளைஷீட்

மணற்கரையில் நின்று தூண்டில் போடும் ஒருவருக்கும் இருவருக்கும் எங்கள் முதல் தேர்வு 3×3 அல்லது 3×4 மீட்டர் ஃப்ளைஷீட் எனும் கூரைத்துணி, இரண்டு அலுமினியக் கம்பு, ஆறு கயிறு. மொத்தமே 4 கிலோவுக்குள் அடங்கும். கேனப்பிபோல் எழும்பி நிற்காமல், காற்று வரும் பக்கம் விளிம்பைத் தரையோடு தாழ்த்தி, எதிர்ப்பக்கம் மட்டும் ஒன்றரை மீட்டர் உயர்த்தலாம். காற்று கூடினால் முன் கம்பை எடுத்துவிட்டால் துணி அப்படியே தரையில் படுத்துவிடும். சாமான்களும் அதன் அடியில் நனையாமல் கிடக்கும். வேறெந்தக் கூரையிலும் இந்த வசதி இல்லை.

எல்லாமே பிடிப்பில்தான் இருக்கிறது. மணலில் மெல்லிய எஃகு முளை வேண்டாம். 10 கிலோ அரிசிப் பையை, அந்த நெய்த பிளாஸ்டிக் பையைத்தான், ஆறேழு கொண்டுபோங்கள். மடித்தால் ஒரு கைக்குட்டை அளவு. பையில் முக்கால்வாசி மணல் நிரப்பிக் கழுத்தைக் கயிற்றால் இறுக்குங்கள். 15 கிலோ பக்கம் வரும். மணலின்மேல் சும்மா வைத்தால் இழுபடும். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைக் கிடையாகப் படுக்கவைத்து, கயிறு துணியை நோக்கிச் சாய்வாக மேலே வரும்படி ஒரு சிறிய வாய்க்கால் கீறி, பிறகு மூடி மிதியுங்கள். வாய்க்கால் கீறாமல் விட்டால் கயிறு நேர்செங்குத்தாக எழுந்து, பிறகு மணலை அறுத்துக்கொண்டே முன்னால் வரும்; அந்த நேரத்தில் கயிறு முழுவதும் தளர்ந்துவிடும். ஈரமணல் பகுதியில் புதைத்தால் பிடிப்பு இன்னும் கெட்டி, ஆனால் ஏற்றத்தின்போது தண்ணீர் எதுவரை வரும் என்று காய்ந்த பாசிக்கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாருங்கள். நைந்த பை மணலில் உதிர்ந்து கடலுக்குத்தான் போகும்.

சவுக்கு மரமோ கெத்தாப்பாங் மரமோ இருந்தால் ஒரு பக்கத்தை மரத்தில் கட்டலாம். ஆனால் மின்னல் அறிகுறி தெரிந்தால் முதலில் விட்டு விலக வேண்டிய இடமும் அதுதான்.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நீலக் கேன்வாஸ் மலிவு. அதன் வளையங்கள்தான் முதல் காற்றிலேயே பிய்ந்துவிடும். வளையத்தை நம்பாமல், மூலையில் கோலி அளவு கூழாங்கல்லைத் துணிக்கு உள்ளிருந்து வைத்து, வெளியே கல்லின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகுமே தவிரக் கிழியாது. இதே வழியில் துணியின் நடுவிலும் எங்கே வேண்டுமானாலும் ஒரு பிடி உண்டாக்கலாம். நீலக் கேன்வாஸுக்கு அடியில் வெப்பம் இறங்கும் என்பது வேறு குறை. அரையடி இடைவெளி விட்டு மேலே கறுப்பு நிழல்வலை ஒன்றைக் கட்டினால் இரண்டுக்கும் நடுவே காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்.

கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும், ராத்திரி மழையில் கூரை தொங்கிவிடும். கூரையை எப்போதும் கோல் நிறுத்திய இடத்துக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னால் கட்டுங்கள். நான்கு மீட்டர்க் கரைக்கோலை வீசும்போது பின்னால் போகும் நுனி துணியைக் கிழிப்பதும், ஈயக்குண்டு கம்பில் சுற்றிக்கொள்வதும் அடிக்கடி நடப்பவை.

பாப்-அப் கூடாரமும் குளிர்நாட்டுக் கூடாரமும்

தானாக விரியும் அரைவட்டக் கூடாரம் கொசுவுக்கும் அகாஸ் எனும் கடிக்கும் சிறு பூச்சிக்கும் பயந்து இரவு உட்காருபவர்களுக்கு மட்டும் உதவும், அதுவும் இரண்டு பக்கமும் வலைச் சன்னல் இருந்தால். பகலில் உள்ளே வேகும். விரிப்பது நொடி வேலை. எட்டு வடிவில் முறுக்கி மடக்குவதை வீட்டிலேயே பழகாமல் போனால் காற்றில் திண்டாட்டம்தான்.

மின்னசோட்டா, ஒன்டாரியோ பக்கம் உறைந்த ஏரிமேல் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களுடைய கூடாரங்களை இணையத்தில் பார்த்துவிட்டு அதுபோல் வாங்க நினைப்பவர்களும் உண்டு. அவை அந்த வேலைக்கு அருமையானவை. ஒரு வகையில் ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு மையமூட்டு இருக்கும். அதை வெளியே இழுத்தால் ஃபைபர்கிளாஸ் கம்பிகள் விறைத்துச் சுவர் நிற்கும். இன்னொரு வகை சறுக்குத் தட்டின் மேலேயே இருக்கையோடு வரும். பின்னாலிருந்து தலைக்குமேல் கவிழ்த்தால் கூரை தயார். ஆனால் உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்கென்றே கனத்த, இருண்ட துணியில், சிலவற்றில் பஞ்சு வைத்துத் தைத்தவை அவை. முளைகளும் பனிக்கட்டியில் திருகி இறக்குபவை; மணலில் பிடிக்காது. பினாங்கு வெயிலில் அவற்றுக்குள் அரைமணி நேரம் உட்காருவது உடம்புக்கே கேடு. அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க யோசனை இரண்டு: சுவரின் நடுவிலிருந்து வெளியே ஒரு கயிறு கட்டினால் மூலைக்கயிறுகளால் தடுக்க முடியாத உள்மடங்கலைத் தடுக்கலாம், இருக்கை, சுமை, கூரை மூன்றும் ஒரே அடித்தளத்தில் சேர்ந்தால் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும். இரண்டாவது யோசனையைத்தான் கைவண்டியில் பயன்படுத்தப் போகிறோம்.

கட்டணக் குளங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் கூரை போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் குடை போதும்.

சக்கரம்

மடக்கு வேகன் எனப்படும் நான்கு சக்கரத் துணிவண்டி சிமெண்டுக்கும் தார்ச்சாலைக்கும் உரியது. கார் நிறுத்தத்திலிருந்து ஜெட்டி முனை வரை 40 கிலோ இழுக்க அதைவிட வசதி இல்லை. வாங்குமுன் இரண்டு அளவு எடுங்கள். மோட்டார்சைக்கிள் நுழையாமல் நடைபாதை வாயில் கம்பம் நட்டிருந்தால் அந்த இடைவெளி எவ்வளவு? பலகை ஜெட்டியானால் பலகை இடுக்கு எவ்வளவு? சக்கர விட்டம் 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் முன்சக்கரம் திரும்பும்போது இடுக்கில் விழுந்து மாட்டும்.

அதே வேகன் காய்ந்த மணலில் உழும். அகலச் சக்கரம் என்று விற்பவற்றிலும் அகலம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெரிய பயனில்லை. சுழலும் முன்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டே போகும். பின்னோக்கி இழுத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

மணலுக்கு இரண்டு சக்கர வண்டி, 30 சென்டிமீட்டர் பலூன் சக்கரம். காற்றை 2 முதல் 4 பி.எஸ்.ஐ. வரை மட்டும் வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாக உள்ளே போக வேண்டும். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக்குழாயில் பிடித்தால் நொடியில் வெடிக்கும், கைப்பம்பு போதும். நம் கரைகளில் இதற்கு இரண்டு எதிரிகள்: பாறையடியில் சிப்பி ஓடு, யாரோ பிடித்து எறிந்துவிட்டுப் போன கெளுத்தியின் முள். சிப்பி ஓடு மிகுந்த கரையென்றால் கைச்சுமை வண்டிக்கு வரும் 33 சென்டிமீட்டர் நுரை நிரப்பிய சக்கரம் கனமானாலும் நிம்மதி.

ஏற்றும் முறையில் பாதி வேலை இருக்கிறது. ஐஸ் பெட்டி அச்சுக்கு நேர் மேலே, சற்றுக் கைப்பிடிப் பக்கமாக இருக்கட்டும். கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தால் ஐந்து கிலோ போல உணர வேண்டும். அதற்கு மேல் என்றால் தோள் வலிக்கும். கைப்பிடி தானாக மேலே எழுந்தால் பள்ளத்தில் வண்டி பின்னால் கவிழும்.

சேர்க்க வேண்டியவை: வண்டியின் முன்சட்டத்தில் 50 மில்லிமீட்டர் பி.வி.சி குழாய் நான்கு, ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர், மேல்வாயைச் சாய்வாக அறுத்து விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ‘யூ’ போல்ட்டால் பிடித்தால் கோல் தாங்கி ஆயிற்று. ஐந்தாவதாக ஒரு குழாயை நடுவில் இன்னும் நீளமாக, 60 சென்டிமீட்டரில் வைத்து, மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடியுங்கள். குடைக்கம்பு அதில் இறங்கும். ஐஸ் பெட்டி, நிரப்பிய ஜெரிகேன், வண்டி எல்லாம் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல் வந்து குடைக்கு அடித்தளமாக நிற்கும். சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை வைக்க மறந்தால் காற்று குடையோடு வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும். ஜெட்டியில் போனால் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். ஆகவே வண்டியிலிருந்து அழிக்கு ஒரு கயிறும் போட்டுவிடுங்கள்.

அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நேரடியாக இறுக்கினால், உப்பீரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவே நைலான் வாஷர் போடுங்கள். அச்சு முனையில் பிளவு ஊசிக்குப் பதில் எஃகுக் கொண்டை ஊசி போட்டால் சக்கரத்தைக் கையாலேயே கழற்றிக் கழுவலாம்.

சேற்றில் சறுக்குத் தட்டு

சேற்றில் எந்தச் சக்கரமும் ஓடாது. அடித்தளம் தட்டையாக, முன்முனை மேலே வளைந்த பிளாஸ்டிக் தட்டு மட்டுமே வழுக்கிப் போகும். படகு ஏற, வற்றிய கரையில் முப்பது நாற்பது மீட்டர் சாமான் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு அது பயன்படும். கயிற்றை முன்பக்கத்து இரண்டு துளைகளிலும் ‘ஒய்’ வடிவில் கோத்து, குட்டையாகப் பிடித்து இழுத்தால் மூக்கு எழும்பி வரும். நீளக் கயிற்றில் இழுத்தால் மூக்கு சேற்றைக் குத்தும். கனத்தைத் தட்டின் பின்பாதியில் வையுங்கள். இதையே காய்ந்த மணலில் இழுக்க முயல வேண்டாம். பனியில் விரல் நுனியால் நகர்வது மணலில் சுமையின் பாதி எடைக்கு இழுக்கச் சொல்லும். சேற்றில் முழங்காலுக்கு மேல் கால் இறங்கும் இடத்தில் தட்டு இருந்தாலும் நடக்காதீர்கள். ஏற்ற நேர அட்டவணையைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

வீடு திரும்பியதும்

பாலியூரித்தேன் பூசிய துணி ஈரத்தோடும் சூட்டோடும் மூடிக் கிடந்தால் பூச்சு சிதைந்து பிசின்போல் ஒட்டும், புளித்த வாடை வரும். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. மழையில் மடித்து வந்த கூரையை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குளியலறைக் கம்பியில் போட்டு ஒரு விசிறியை வைத்தால் போதும். கார் பூட்டில் வைத்துப் பூட்டிவிட்டு மறுவாரம் திறப்பதுதான் துணிக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். கால் பித்தான்களையும் குடை மூட்டையும் நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அழுத்தி அழுத்தி அலசி, காய்ந்த பிறகு சிலிக்கான் தெளிப்பு அடியுங்கள். அங்கே கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கர அச்சுக்கு மட்டும் படகுக் கிரீஸ், அதுவும் பழையதை மண்ணெண்ணெய்த் துணியால் முழுக்கத் துடைத்த பிறகு.